ஆட்டு இதயத்தில் இடப்பக்கச் சுவர் மட்டும் ஏன் அவ்வளவு தடிமன்?

கறிக்கடையிலிருந்து வரும் ஆட்டு இதயத்தை நடுவில் குறுக்காக ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சுண்டுவிரல் தடிமனில் இறுகிய தசை, உள்ளே சிறிய வட்டமான குழி. மறுபக்கம் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத மெல்லிய சுவர். அது தடித்த பக்கத்தின்மேல் பிறை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் துடிப்பவை. இரண்டும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே அளவு ரத்தத்தைத் தள்ளுபவை. பிறகு எதற்கு இந்தப் பாரபட்சம்?

தள்ளும் அளவு ஒன்றுதான், தள்ளும் அழுத்தம்தான் வேறு. ரத்த ஓட்ட மண்டலம் என்றதும் பாடப்புத்தகம் அறைகளை எண்ணச் சொல்கிறது: மீனுக்கு இரண்டு, தவளைக்கு மூன்று, நமக்கு நான்கு. எண்ணிக்கையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கலாம். ஆனால் எந்தச் சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்த்தால்தான் அந்த அறைகள் எதற்காகப் பிரிந்தன என்பது புரியும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. மீன், கணவாய், கோழி, ஆடு நான்கும் சமையலறைக்கு வருகிறவைதான்.

மீனிலிருந்து தொடங்கலாம். கெண்டையோ கட்லாவோ, கழுவும்போது செவுளை எடுத்த இடத்துக்குக் கீழே, தொண்டைக்கும் மார்புத் துடுப்புக்கும் நடுவில் தேடுங்கள். கரும்சிவப்பில் முக்கோணமாக ஒரு சிறு கட்டி இருக்கும். அதுதான் கீழறை. அதன் முன்னால் வெள்ளையாகக் குமிழ் மாதிரி இருப்பது ரப்பர் போல விரிந்து சுருங்கும் குழாய். கீழறை விட்டுவிட்டுத் தள்ளும் ரத்தத்தை இந்தக் குமிழ் வாங்கிச் சீராக்கி அனுப்புகிறது. செவுளின் மெல்லிய தந்துகிகளில், அதாவது மயிரிழை போன்ற ரத்தக்குழாய்களில், அடி அடியாக அழுத்தம் விழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

மீனில் ரத்தம் போகும் பாதை ஒரே வட்டம்: இதயம், செவுள், உடல், மீண்டும் இதயம். செவுளைக் கடப்பதற்குள்ளேயே கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அழுத்தம் செலவாகிவிடும். மிச்சத்தை வைத்துத்தான் மூளை, சிறுநீரகம், வால் தசை எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும். தண்ணீரில் மிதக்கும் உடம்புக்கு இது போதும், ரத்தத்தைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கும் வேலை அங்கே கிடையாது. இன்னொரு சங்கடமும் உண்டு. மீனின் இதயத்துக்குள் வருவது முழுக்க உடல் பயன்படுத்தி முடித்த ரத்தம். பல மீன்களின் இதயத் தசை அந்த மிச்ச ஆக்சிஜனை வைத்தே காலம் தள்ளுகிறது. சூரை மாதிரி விரட்டி வேட்டையாடும் மீனுக்கு அது கட்டுப்படியாகாது. அதன் கீழறைச் சுவர் மற்ற மீன்களைவிடத் தடிமன், அழுத்தமும் அதிகம், இதயத் தசைக்கென்று தனி ரத்தக்குழாய்களும் உண்டு.

சந்தையில் அகலப் பாத்திரத்தில் உயிரோடு கிடக்கும் விராலைக் கவனித்திருப்பீர்கள். அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கும். தலைக்குள் செவுளுக்கு மேலே உள்ள குழிவில் அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கிறது. எடுத்த நல்ல ரத்தம் நேரே உடலுக்குப் போவதில்லை. இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களான சிரைகளில் சேர்ந்து, பயன்படுத்திய ரத்தத்தோடுதான் இதயத்துக்குத் திரும்புகிறது. காற்றைச் சுவாசிக்கத் தொடங்கிய முதுகெலும்பிகள் எல்லாமே இந்தச் சிக்கலைச் சந்தித்தாக வேண்டும்: நல்ல ரத்தம் வேறு வழியில் வருகிறது, அதைத் தனியாக வாங்க ஒரு அறை வேண்டும்.

அந்தப் பக்கம் போவதற்கு முன் கணவாயை ஒரு பார்வை பார்த்துவிடலாம், ஏனென்றால் மீனின் அழுத்தப் பிரச்சினையை அது அழகாகத் தீர்த்திருக்கிறது. கூம்பு மாதிரி இருக்கும் உடலை நீளவாக்கில் கிழித்தால் இருபுறமும் இறகு மாதிரி இரண்டு செவுள்கள் தெரியும். ஒவ்வொன்றின் அடியிலும் வெளிறிய சிறு குமிழ் ஒன்று இருக்கும். அவை செவுள் இதயங்கள், ரத்தத்தைச் செவுளுக்குள் தள்ளுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. செவுளிலிருந்து வரும் ரத்தத்தை நடுவில் இருக்கும் மூன்றாவது இதயம் வாங்கி, புது அழுத்தத்தில் உடலுக்கு அனுப்புகிறது. அதாவது செவுளுக்கு ஒரு பம்பு, உடலுக்கு ஒரு பம்பு. ஆக்டோபஸுக்கும் இதே ஏற்பாடுதான். நமக்கும் அதற்கும் உறவு வெகு தொலைவு, தீர்வு மட்டும் ஒன்று. அதன் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் சிவப்பே இருக்காது. ஆக்சிஜன் ஏறினால் நீலம், இறங்கினால் கிட்டத்தட்ட நிறமில்லை. அதனால்தான் கணவாய் சுத்தம் செய்யும்போது கை சிவப்பதில்லை.

(இறாலின் முதுகில் இழுத்து எடுக்கும் கறுப்பு நூலைப் பலரும் 'நரம்பு' என்கிறார்கள். அது நரம்பும் இல்லை, ரத்தக்குழாயும் இல்லை, குடல். இறாலின் இதயம் ஓட்டின் பின்விளிம்புக்கு அடியில், முதுகுப்பக்கம் இருக்கிறது. தலையைத் திருகும்போதே பெரும்பாலும் அதோடு போய்விடும். நம் ஊரில் 'நரம்பு' என்ற சொல் படும் பாடு கொஞ்சமல்ல. ஊசி போடுகிறவர் 'நரம்பு கிடைக்கவில்லை' என்றால் அது சிரை. காலில் 'நரம்புச் சுருட்டல்' என்றால் அதுவும் சிரைதான்.)

தவளைக்கு மேலறை இரண்டு. நுரையீரலிலிருந்து வருவது ஒன்றில், உடலிலிருந்து வருவது மற்றொன்றில். கீழறை மட்டும் ஒன்று. நல்லதும் கெட்டதும் கலந்துவிடுமே, இது அரைகுறை வடிவம் என்று எழுதுவது வழக்கம். அது நியாயமில்லை. தவளை தோலாலும் சுவாசிக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும்போது நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புவதே வீண். கீழறை ஒன்றாக இருப்பதால் நுரையீரல் தமனியை இறுக்கி, அந்த ரத்தத்தையும் உடலுக்கே திருப்பிவிட முடிகிறது. தவளையின் உண்மையான கட்டுப்பாடு கலப்பு அல்ல, அழுத்தம். ஒரே கீழறை என்றால் நுரையீரலுக்கும் உடலுக்கும் ஒரே அழுத்தம்தான். நுரையீரல் தாங்குகிற அளவுக்கு மேல் உடலுக்கும் கொடுக்க முடியாது.

நுரையீரல் எவ்வளவு தாங்கும்? மனிதனில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சவ்வு பல இடங்களில் அரை மைக்ரோமீட்டர்கூட இல்லை. அதனால்தான் ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகியைக் கடக்கும் முக்கால் விநாடிக்குள் ஆக்சிஜன் ஏறி முடிகிறது. ரத்தத்தில் உள்ள புரதம், முக்கியமாக அல்புமின், நீரைக் குழாய்க்குள் இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த இழுப்பின் வலு சுமார் 25 மி.மீ. பாதரசம். தந்துகியின் அழுத்தம் அதைத் தாண்டினால் நீர் காற்றறைக்குள் கசியத் தொடங்கும். நமக்கு வழக்கமாக அங்கே இருப்பது 10-க்கும் கீழே. பந்தயக் குதிரை முழு வேகத்தில் ஓடும்போது நுரையீரல் தந்துகியில் அழுத்தம் 100-ஐ நெருங்குகிறது. சவ்வு கிழிந்து சில குதிரைகளுக்கு மூக்கில் ரத்தம் வருவது இதனால்தான்.

ஆக, நுரையீரலுக்குக் குறைந்த அழுத்தம் வேண்டும். நிமிர்ந்து நிற்கும், வெப்ப ரத்தமுள்ள உடலுக்கு அதிக அழுத்தம் வேண்டும். ஒரே பம்பால் இரண்டையும் கொடுக்க முடியாது. பறவைகளும் பாலூட்டிகளும் தனித்தனி வழியில் வந்து நான்கு அறைகளில் சேர்ந்தன. பறவைக்குப் பெருந்தமனி வலப்பக்கம் வளைகிறது, நமக்கு இடப்பக்கம். உடும்பு இன்னும் சுவாரசியம். அறைகளை எண்ணினால் மூன்றுதான், ஆனால் கீழறைக்குள் ஒரு தசை மேடு இருக்கிறது. சுருங்கும்போது அது சுவரோடு ஒட்டி இரு பாகமாக்கிவிடும். அழுத்தத்தை அளந்து பார்த்தால் நுரையீரல் பக்கம் குறைவு, உடல் பக்கம் அதிகம்.

இப்போது ஆட்டு இதயத்துக்கு வருவோம். கடையில் ரத்தம் வடிய ஒரு கீறல் போட்டுத்தான் கொடுப்பார்கள். கீறாமல், மேலே உள்ள குழாய்களை இரண்டு அங்குலமாவது விட்டு நறுக்கித் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழாய்களை ஒட்ட வெட்டிவிட்டால் வால்வுகளைச் சோதிக்கவே முடியாது. கிடைத்ததும் தண்ணீர்க் குழாயடியில் பிடித்து உறைந்த கட்டிகளை விரலால் தள்ளி வெளியேற்றுங்கள்.

முனை கீழே இருக்கும்படி பிடித்து, முன்பக்கம் சாய்வாக ஓடும் கொழுப்புக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்குள்தான் இதயத்துக்கே ரத்தம் தரும் தமனி ஓடுகிறது. அந்தக் கோடு இரண்டு கீழறைகளுக்கும் எல்லை. இரு பக்கமும் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருப்பது இடக் கீழறை. முனை முழுக்க அதற்கே சொந்தம். இதயம் உங்களைப் பார்த்திருப்பதால் அதன் இடம் உங்களுக்கு வலம், இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. முன்னால் இருக்கும் தடித்த குழாய் நுரையீரல் தமனி. அதன் பின்னால் இருந்து எழும் இன்னும் தடித்த குழாய் பெருந்தமனி. பெருந்தமனிக்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்றால் வால்வின் மூன்று மடல்களும் சேர்ந்து மூடிக்கொண்டன என்று பொருள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் பயப்பட வேண்டாம், மடலின் மேலே உள்ள இரண்டு சிறு துளைகள் வழியாக இதயத் தமனிகளுக்குப் போகிறது. மொத்தமாக இறங்கினால் கீழறையைக் கீறியிருக்கிறார்கள், அல்லது மடல் கிழிந்திருக்கிறது. துளைகள் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள்: வால்வுக்கு வெளியே. இதயத் தசையின் இடப்பக்கம் தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பெறுகிறது. சுருங்கும்போது தசையே தன் குழாய்களை நெரித்துக்கொள்கிறது. துடிப்பு மிக வேகமானால் சுருங்கும் நேரத்தைவிடத் தளரும் நேரம்தான் அதிகம் வெட்டுப்படும். அடைப்புள்ளவர்களுக்கு வேகமான துடிப்பே நெஞ்சுவலி தருவதன் காரணம் இது.

அடுத்து நுரையீரல் தமனியில் கத்தரிக்கோலை விட்டு, கொழுப்புக் கோட்டை ஒட்டி, இதயத்தின் வலப்புறமாக (உங்களுக்கு இடம்) வலக் கீழறையைத் திறவுங்கள். வெள்ளை நூல்கள், அவற்றைப் பிடித்திருக்கும் தசைத் தூண்கள், நூல்களின் மேல்முனையில் மெல்லிய வால்வு மடல்கள் தெரியும். நூல்கள் வால்வைத் திறப்பதற்கு அல்ல. மூடிய மடல் அழுத்தத்தில் மேலறைக்குள் புரண்டு போகாமல் குடைக்கம்பி மாதிரி பிடித்து வைப்பதற்கு. அறையின் குறுக்கே பாலம் மாதிரி ஒரு தசைப் பட்டை ஓடும். சுருங்கச் சொல்லும் மின்துடிப்பு அதன் வழியாகவும் கடக்கிறது. வெட்டிவிடாதீர்கள், ஆட்டில் அது நன்றாகத் தெரியும்.

இட மேலறையிலிருந்து முனை வரை நேராக வெட்டினால் தடித்த சுவர் திறக்கும். இங்கே வால்வு இரண்டே மடல். கடைசியாக வல மேலறைக்குள் பார்த்து, இரு மேலறைகளுக்கும் இடையிலான சுவரைத் தடவுங்கள். ஒரு சிறு குழி தட்டுப்படும். குட்டி வயிற்றில் இருந்தபோது அது துளை. நுரையீரல் வேலை செய்யாத காலத்தில் ரத்தம் அதன் வழியாகத்தான் இடப்பக்கம் தாண்டியது. குழாய்களை நீளமாக விட்டிருந்தால், நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் வெள்ளை நார் ஒன்றும் கிடைக்கும். அதுவும் ஒரு காலத்தில் திறந்த குழாய். கருவில் வலக் கீழறையும் அதன் வழியாக உடலுக்குத்தான் ரத்தம் தள்ளியது. அதனால் பிறந்த குழந்தையின் இதயத்தில் இரு சுவர்களும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்கும். மூச்சு தொடங்கியதும் நுரையீரலின் எதிர்ப்பு விழுகிறது, அந்தக் குழாய் முதல் இரண்டு மூன்று நாட்களில் சுருங்கி மூடுகிறது, வலச் சுவர் வளராமல் பின்தங்குகிறது. வலப்பக்கம் மெலிந்தது பிறப்பிலேயே வந்ததல்ல, வேலை குறைந்ததால் வந்தது.

மனிதக் கணக்கு இது. துடிப்புக்குச் சுமார் 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக நிமிடத்துக்கு 5 லிட்டர். உடலில் இருப்பதும் கிட்டத்தட்ட 5 லிட்டர்தான். 1628-ல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி செய்ததும் இந்த மாதிரிப் பெருக்கல்தான். உணவிலிருந்து கல்லீரல் புதுப்புது ரத்தமாக உண்டாக்குகிறது என்று நம்பிய காலம் அது. துடிப்பின் அளவை மிகக் குறைவாக எடுத்துப் பெருக்கினாலும் விடை உடம்பில் உள்ள ரத்தத்தை மிஞ்சியது. சுற்றினால் ஒழியச் சாத்தியமில்லை. தந்துகிகளை அவர் பார்க்கவில்லை. 1661-ல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளை நுரையீரலில் பார்த்தார்.

பெருந்தமனியின் சராசரி அழுத்தம் சுமார் 95 மி.மீ. பாதரசம், நுரையீரல் தமனியில் சுமார் 15. ஒரே அளவை ஆறு மடங்கு அழுத்தத்தில் தள்ளும் பக்கம்தான் தடித்த பக்கம். அளவு ஒன்றாக இருப்பதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. வலப்பக்கம் துடிப்புக்கு 1 மி.லி. கூடுதலாகத் தள்ளினால் 10 நிமிடத்தில் 700 மி.லி.க்கு மேல் நுரையீரலில் தேங்கிவிடும். அப்படி நடக்காததற்குக் காரணம் மூளை அல்ல, தசையின் குணம். கூடுதலாக நிரம்பி இழுபட்ட தசை அடுத்த துடிப்பில் கூடுதலாகச் சுருங்குகிறது. இடப்பக்கம் பலவீனமானால் இந்தச் சமநிலை உடைகிறது. நீர் நுரையீரலில் கோத்து, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால்தான் தேவலை என்றாகிறது. வலப்பக்கம் பலவீனமானால் கால் வீங்கும். முன்னங்காலின் எலும்பின்மேல் விரலை அழுத்தி எடுத்தால் குழி நிற்கும்.

உயர் ரத்த அழுத்தம் பல ஆண்டுகள் நீடித்தால் இடச் சுவர் இன்னும் தடிக்கும். உடற்பயிற்சியில் கை பருப்பது மாதிரி நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நல்லதில்லை. தடித்த சுவர் விறைப்பாகிவிடும், தளர்ந்து ரத்தத்தை வாங்க மறுக்கும், பருத்த தசைக்குத் தந்துகிகளும் போதாது. மருந்தில் அழுத்தம் குறைந்தால் தடிமனும் ஓரளவு குறையும். அதற்கு அளவீடு சரியாக இருக்க வேண்டும், அங்கேதான் அலட்சியம் அதிகம். இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே கை தொங்கினால் 8 மி.மீ. அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். இது கருவியின் பிழை இல்லை, ரத்தத்தின் எடை. பருமனான கைக்குச் சிறிய பட்டை கட்டினாலும் அதிகமாகக் காட்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, காலைக் குறுக்கே போடாமல், பேசாமல் அளக்க வேண்டும்.

இதே உயரக் கணக்குதான் ஒட்டகச்சிவிங்கியை ஆள்கிறது. தலை இதயத்துக்கு ஏறக்குறைய 2 மீட்டர் மேலே. அங்கே ரத்தம் போய்ச் சேர, இதயத்தின் அருகே நம்மைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம் வேண்டும். இடச் சுவரின் தடிமனும் அதற்கேற்ப. காலில் அந்த அழுத்தம் நீரைக் கசியவிடாதபடி தோல் இறுக்கமான காலுறை மாதிரி பிடித்திருக்கிறது.

மெல்லிய வலப்பக்கத்துக்கு வேலை கூடினால் என்ன ஆகும் என்பதைப் பிராய்லர் கோழி வளர்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். வயிற்றில் நீர் கோத்துச் சாகும் கோழிகளில் பெரும்பகுதி இதுதான். ஆறு வாரத்தில் 2 கிலோவைத் தாண்டும் உடம்புக்கு ஆக்சிஜன் தேவை எகிறுகிறது, நுரையீரல் அந்த வேகத்தில் வளரவில்லை. பறவையின் நுரையீரல் தந்துகிகள் விறைப்பானவை, கூடுதல் ரத்தம் வந்தால் நம்முடையதுபோல் விரிந்து கொடுக்காது. அழுத்தம் ஏறுகிறது, வலச் சுவர் தடிக்கிறது. பறவையில் வலப்பக்க வால்வு நூல் கட்டிய மடல் அல்ல, தசை மடல். சுவரோடு சேர்ந்து அதுவும் தடித்து, சரியாக மூடாமல் ஒழுகுகிறது. ரத்தம் பின்னால் தள்ளப்பட்டு, கல்லீரல் புடைத்து, அதன் மேற்பரப்பிலிருந்து நீர் வயிற்றில் கசிகிறது. குளிர் இதை இன்னும் மோசமாக்கும்.

இறந்த கோழியில் சரிபார்க்க எளிய வழி உண்டு. இதயத்தின் மேலறைகளையும் கொழுப்பையும் நறுக்கி எறியுங்கள். வலக் கீழறையின் வெளிச்சுவரை மட்டும் தனியே வெட்டி எடையிடுங்கள். அதை இரு கீழறைகளின் மொத்த எடையால் வகுங்கள். 0.3-ஐத் தாண்டினால் நுரையீரல் அழுத்தம்தான் குற்றவாளி. நடுச்சுவர் இடப்பக்கத்தோடு சேர வேண்டும், அதை வலப்பக்கத்தோடு வெட்டிவிட்டால் கணக்கு பொய்யாகும். ஆரம்ப வாரங்களில் தீவனத்தை அளவாகக் கொடுத்து வளர்ச்சியைச் சற்று மட்டுப்படுத்துவதும், கொட்டகையில் காற்றோட்டமும் இளம் குஞ்சுக்குப் போதிய சூடும்தான் தடுக்கும் வழிகள்.

வலப் பம்பு இல்லாமலே வாழ முடியுமா? முடியும், விலை கொடுத்து. ஒரே ஒரு கீழறை மட்டும் உருப்படியாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு, உடலிலிருந்து வரும் பெருஞ்சிரைகளை நேராக நுரையீரல் தமனியில் இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. பிரான்ஸின் போர்தோ நகர அறுவை மருத்துவர் ஃபோன்டான் 1971-ல் வெளியிட்ட முறையின் வழித்தோன்றல் அது. இருக்கும் ஒரு கீழறை உடலுக்குத் தள்ளுகிறது. உடலைக் கடந்து மிஞ்சும் அழுத்தத்திலேயே ரத்தம் நுரையீரலையும் கடந்தாக வேண்டும். மீனின் ஒற்றை வட்டம்தான், வரிசை மட்டும் தலைகீழ்: மீனுக்குச் செவுள் முதலில், இங்கே நுரையீரல் கடைசியில்.

நுரையீரலைக் கடக்க மிகக் குறைந்த அழுத்தமே போதும் என்பதால்தான் இது நடக்கிறது. ஆனால் சிரைகளில் 5-க்குள் இருக்க வேண்டிய அழுத்தம் நிரந்தரமாக 10 முதல் 15 வரை ஏறி நிற்கிறது. அதனால் ஆண்டுக்கணக்கில் கல்லீரல் தழும்பேறுகிறது, சிலருக்குக் குடல் வழியாகப் புரதம் ஒழுகுகிறது. உடலில் நீர் வற்றினால் சட்டென்று தளர்ந்துவிடுகிறார்கள், தள்ளிவிட எதுவும் மிச்சமில்லாததால். அவர்களுக்கு நடைப்பயிற்சியை, குறிப்பாகக் காலுக்கான பயிற்சியைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு மூச்சை உள்ளிழுக்கும்போதும் நெஞ்சு ரத்தத்தை மேலே உறிஞ்சுகிறது. ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் கெண்டைக்கால் தசை சிரையைப் பிழிந்து மேலே அனுப்புகிறது, சிரையின் வால்வுகள் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கின்றன.